ஐஸா, டைலா, சிமெண்டா: எந்தத் தரையில் ஹாக்கி ஆடலாம்?

சான் ஹோசே பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய நம் ஆட்களில் ஒரு தடவையாவது இந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ஷார்க்ஸின் ஆட்டம் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்களில் சிலருக்கு, நாமும் இறங்கி ஆடிப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றிய நண்பர்கள் கொஞ்ச நாளாக என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. பக்கத்தில் புதிதாக ஓர் உள்ளரங்க ரோலர் ரிங்க், அதாவது வீல் ஸ்கேட்டில் ஆடும் களம், திறந்து, பெரியவர்களுக்கு லீக் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் சேர்வதா, பல வருடமாக நடக்கும் ஐஸ் லீகுக்குப் போவதா, இல்லை பூங்காவில் இருக்கும் திறந்தவெளி ரிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடினாலே போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பதைத் தாண்டி இப்போதுதான் முதன்முதலாக ஸ்டிக்கைக் கையில் எடுக்கிறீர்கள் என்றால் புது ரிங்கின் இன்லைன் லீகில் (ஒரே வரிசையில் வீல் பொருத்திய ஸ்கேட்டில் ஆடுவது) சேருங்கள். இந்த விளையாட்டை அதன் முழு வடிவத்தில் கற்றே தீருவது என்று இருப்பவர்கள் ஐஸுக்குப் போகலாம். திறந்தவெளி ரிங்கை லீகுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அவ்வளவுதான். கட்டணம், தூரம், கட்டடத்தின் பளபளப்பு எல்லாம் இரண்டாம் பட்சம். காலுக்குக் கீழே இருக்கும் தரைதான் முதலில் பார்க்க வேண்டியது. எந்த வீல், எந்தப் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான வட்டு), எப்படி நிற்பது, விழுந்தால் எங்கே அடிபடும், பந்தயம் எவ்வளவு வேகத்தில் போகும் என்று எல்லாமே தரையிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்த ஊருக்கு இன்லைன் ஹாக்கி புதிதல்ல. 1980-இல் மினியாபொலிஸில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற சகோதரர்கள், ஐஸ் இல்லாத மாதங்களிலும் ஹாக்கிப் பயிற்சி நிற்கக் கூடாது என்பதற்காக இன்லைன் ஸ்கேட்டைக் கையில் எடுத்தார்கள். ரோலர்பிளேடு நிறுவனம் அங்கிருந்து வந்ததுதான். 1990-களில் அந்த அலை கலிஃபோர்னியாவை மூழ்கடித்தது. 1993-இல் ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல் என்று ஒரு தொழில்முறை லீகே தொடங்கியது. முதல் கோப்பை அனஹைம் புல்ஃபிராக்ஸ் அணிக்குப் போனது, 1995-இல் நம் சான் ஹோசே ரைனோஸ் வென்றது. 1999 சீசனோடு அந்த லீக் முடிந்துபோனது. ஆனால் அந்த நாட்களில் தெருவிலும் ரிங்கிலும் வீல் மேல் நின்று ஆடத் தொடங்கிய கலிஃபோர்னியப் பையன்கள் பின்னாளில் மேலே வந்தார்கள். பியூ பென்னட், எமர்சன் ஈடம் இருவரையும் வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் 2010 தேர்வின் முதல் சுற்றிலேயே அணிகள் எடுத்துக்கொண்டன. அலை வடிந்த பிறகு பல ரோலர் ரிங்குகள் உள்ளரங்கக் கால்பந்துத் திடல்களாக மாறிவிட்டன. அதனால்தான் இன்றைக்கு ஒருவர் முதல் போட்டு புதிதாக ஒரு ரிங்க் கட்டுகிறார் என்றால் எனக்கு மனம் குளிர்கிறது. அதில் ஆள் சேர வேண்டும் என்ற ஆசையும் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம்.

ஐஸ் தருவது, ஐஸ் கேட்பது

ஐஸ் லீகைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. சான் ஹோசேயில் ஷார்க்ஸ் அணி பயிற்சி செய்யும் அதே வளாகத்தில் நடக்கும் வயதுவந்தோர் லீக் நாட்டிலேயே பெரிய லீகுகளில் ஒன்று. ஆட்கள் ஏராளம் என்பதால் படிகளும் ஏராளம். அடிப்படியில் ஆடுபவருக்கு எதிரே அடிப்படியில் இருப்பவர்தான் வருவார். நடுவர்கள் அனுபவசாலிகள். எந்த அணி எந்தத் தரம் என்பதற்குப் பல வருடக் கணக்கு இருக்கிறது. புதிதாகத் திறக்கும் எந்த ரிங்கும் முதல் நாளே இதைத் தர முடியாது.

சிக்கல் அங்கே போய்ச் சேர்வதற்கு ஆகும் காலம்தான். ஐஸ் ஸ்கேட்டின் பிளேடு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பாகம் நடுவில் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டு, இரண்டு ஓரங்களும் கூராக இருக்கும். உள் ஓரம், வெளி ஓரம் என்று காலை மாற்றி மாற்றிச் சாய்க்கத் தெரிந்தால்தான் ஸ்கேட் நம் பேச்சைக் கேட்கும். ஐஸ் உறைந்த குளத்தையே பார்க்காமல் வளர்ந்த நமக்கு இது உடம்பில் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆட்டத்தில் இறங்கினால், ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி நிற்பதிலேயே பாதி நேரம் போகும். பக் பக்கத்தில் வந்தாலும் தொட முடியாது. ஐஸில் பெரியவர்களுக்கான கற்பித்தல் வகுப்புகள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு லீகுக்குப் போகப் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதிகளும் கூடுதல். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். எதிரணிப் பகுதி தொடங்கும் நீல நிறக் கோட்டைப் பக்குக்கு முன்னால் தாண்டினால் ஆஃப்சைடு. தன் பாதியிலிருந்து பக்கை எதிர்முனை வரை அடித்துத் தள்ளினால் ஐசிங். தொலைக்காட்சியில் பார்க்கும்போது புரிவது, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது புரியாது. புதியவர் ஒருவர் ஆஃப்சைடு ஆகிக்கொண்டே இருந்தால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். அவரும் அடுத்த வாரம் வரத் தயங்குவார்.

செலவுக்கு வருவோம். ஐஸைக் குளிர்ப்பதற்கு மின்சாரம் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடையே இயந்திரம் விட்டு மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் ஒரு மணி நேர ஐஸின் விலை ரோலர் தளத்தின் விலையைவிட எப்போதும் அதிகம், லீக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும். மாலை நேரத்தைக் குழந்தைகளின் வகுப்புகளும் இளையோர் அணிகளும் எடுத்துக்கொள்வதால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பின்னிரவுதான் மிஞ்சும். மறுநாள் காலை எட்டு மணிக்கு இந்தியாவோடு மீட்டிங் இருப்பவர் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

திறந்தவெளி சிமெண்ட்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இலவசம், வீட்டுப் பக்கம், யார் வேண்டுமானாலும் வரலாம். ஸ்கேட்டில் நிற்கவும் திரும்பவும் பின்னோக்கிப் போகவும் பழகுவதற்கு இதுபோல் வேறு இடம் இல்லை. ஆனால் அங்கே நடுவர் இல்லை, தரம் பிரிப்பது இல்லை. இருபது வருடம் ஆடியவரும் நேற்று ஸ்கேட் வாங்கியவரும் ஒரே ஆட்டத்தில் இருப்பார்கள், பக் யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சொரசொரப்பான சிமெண்டில் பக் உருளத் தொடங்கிவிடும் என்பதால் பல இடங்களில் கெட்டியான ஆரஞ்சுப் பந்தை வைத்து ஆடுகிறார்கள். பந்தைக் கையாளும் பழக்கம் பக்குக்கு அப்படியே ஒத்துவராது. குளிர்காலக் காலைகளில் பனி இறங்கிய சிமெண்ட் வீலுக்கு மிக ஆபத்தான தரை. பார்வைக்கு உலர்ந்தது போலவே இருக்கும், காலை வைத்தால் பிடிப்பு இருக்காது. மழை மாதங்களில் வாரக்கணக்கில் ஆட்டமே இல்லை. விழுந்தால் தோல் உரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது ரிங்க்: முதலில் தரையைப் பாருங்கள்

உள்ளரங்க ரோலர் ரிங்குகளில் இரண்டு விதமான தரைகள் அதிகம். ஒன்று, பிளாஸ்டிக் டைல்களை ஒன்றோடொன்று பூட்டிப் பரப்பியது. பாலிபுரோப்பிலீன் டைல்; ஸ்போர்ட் கோர்ட் என்ற நிறுவனத்தின் பெயரையே பலர் இதற்குப் பொதுப்பெயராகச் சொல்கிறார்கள். மற்றது, வழுவழுப்பாக மெழுகி மேலே பூச்சுக் கொடுத்த சிமெண்ட். பதிவு செய்யும் முன் ரிங்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது, ஏனென்றால் வீல் வாங்குவது இதைப் பொறுத்தது.

வீலின் கடினத்தை ஓர் எண்ணும் ஏ என்ற எழுத்தும் சேர்த்துக் குறிப்பார்கள். எண் கூடினால் கடினம் கூடும். உள்ளரங்க டைலுக்கு 72ஏ முதல் 76ஏ வரை உள்ள மெத்தென்ற வீல்கள் பொருத்தம். அவை டைலைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது வழுக்காது. வெளியே சிமெண்டிலும் தாரிலும் ஓட 82ஏ-வுக்கு மேல் வேண்டும். மெத்தென்ற வீலை வெளியே போட்டால் அழிரப்பர் மாதிரி கரைந்துபோகும். கடின வீலோடு டைலில் இறங்கினால் முதல் வளைவிலேயே கால் விலகும். உடல் எடை அதிகம் உள்ளவர்கள் அதே தரைக்குச் சற்றுக் கடினமான வீலை எடுப்பது வழக்கம். ஆக, பூங்காவில் பழகி ரிங்கில் ஆடப் போகிறீர்கள் என்றால் இரண்டு செட் வீல் வேண்டும், ஒரு செட்டுக்கு எட்டு. நல்ல உள்ளரங்க வீல் ஒன்று 8 முதல் 12 டாலர் வரை இருக்கும். ஸ்கேட் வாங்கும்போது பலர் கணக்கில் சேர்க்க மறக்கும் செலவு இதுதான்.

அளவையும் பாருங்கள். ஹாக்கி ஸ்கேட்டில் பெரும்பாலும் 76 அல்லது 80 மில்லிமீட்டர் வீல்கள். சில ஸ்கேட்டுகளில் முன்னால் இரண்டு 76, பின்னால் இரண்டு 80 என்று இருக்கும். உடல் முன்னோக்கிச் சாய்ந்து நிற்க அது உதவும். அந்த மாதிரி ஸ்கேட்டுக்கு நாலையும் ஒரே அளவில் வாங்கிவந்து மாட்ட முடியாது. உள் ஓரம் சீக்கிரம் தேயும் என்பதால் வலது கால் வீல்களையும் இடது கால் வீல்களையும் அவ்வப்போது மாற்றி மாட்டினால் ஒரு செட் இன்னொரு சீசன் தாங்கும்.

புதிதாகப் போட்ட டைல் ஆரம்ப வாரங்களில் சற்று வழுக்கலாம். தொழிற்சாலையில் ஒட்டிய மெழுகுத்தன்மையும் கட்டுமானத் தூசும் போய், ஆட ஆடத்தான் பிடிப்பு வரும். நல்ல ரிங்க் நடத்துபவர்கள் அடிக்கடி கழுவித் துடைப்பார்கள். ஆட்டங்களுக்கு இடையே தரையைத் துடைக்கிறார்களா என்று ஒரு மாலை நின்று பாருங்கள். தூசு படிந்த டைலில் எவ்வளவு நல்ல வீலும் பயன்படாது. வெயில் காலத்தில் டைல் விரியும், குளிரில் சுருங்கும். களத்தைச் சுற்றியிருக்கும் பலகையை ஒட்டிய ஓரங்களில் மேடு தட்டியிருக்கிறதா, பூட்டுகள் விட்டிருக்கிறதா என்பதும் கண்ணில் படும். காற்றோட்டத்தையும் கவனியுங்கள். செப்டம்பர் மாதத்து மாலை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே முழு உடுப்போடு ஆடுவது உடலை உருக்கும். பெரிய மின்விசிறிகள் இருக்கும் ரிங்குக்கும் இல்லாத ரிங்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

நால்வர் ஆடும் ஆட்டம்

தரைக்கு அடுத்து, நான் இன்லைனைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஆட்டமே வேறு மாதிரி இருப்பதுதான். ஒரு பக்கத்துக்கு நான்கு பேரும் கோல்கீப்பரும். களத்தில் பத்து பேருக்குப் பதில் எட்டு பேர். பொழுதுபோக்கு லீகுகளில் பொதுவாக ஆஃப்சைடு கிடையாது. மோதித் தள்ளுவது தடை. இந்த மூன்றும் சேரும்போது புதியவருக்கு இடம் கிடைக்கிறது, நேரம் கிடைக்கிறது, பக் கிடைக்கிறது.

ஐஸில் நெருக்கடி வந்தால் பக்கை எதிரணி மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துவது ஒரு நல்ல உத்தி. இன்லைனில் அப்படிச் செய்தால் பக்கைத் தானம் செய்ததாக அர்த்தம். இங்கே விவரம் தெரிந்த அணி முன்னால் வழியில்லை என்றால் பின்னால் திரும்பும். தன் கோலுக்குப் பின்னால் வரைகூடப் போய், நால்வரும் மறுபடி விரிந்து, யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்துப் புதிதாகத் தொடங்கும். அவசரப்படாதவர்களின் ஆட்டம் இது. கால் வேகம் குறைந்தாலும் கண் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், இருபத்தைந்து வயதுப் பையனை அழகாக ஏமாற்றிப் பக்கைக் கைமாற்றிவிட முடியும். இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

பக்கும் இலேசானது. ஐஸ் பக் மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம் எடை கொண்ட திடமான ரப்பர். இன்லைன் பக் அதே உருவத்தில் பிளாஸ்டிக்கால் ஆனது. எடை நன்றாகவே குறைவு. இரண்டு முகங்களிலும் சிறு குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவைதான் தரையில் வழுக்கிப் போகின்றன. குமிழ் தேய்ந்த பக் நிமிர்ந்து உருளத் தொடங்கும். அப்போது யாராலும் அதை அடக்க முடியாது. நல்ல லீக் பக்கை அடிக்கடி மாற்றும்.

நிற்பது மட்டும் வீலில் கடினம். ஐஸில் இரு கால்களையும் குறுக்கே திருப்பிச் சீவினால் நின்றுவிடலாம். வீல் டைலைப் பிடித்துக்கொள்வதால் அதே மாதிரி திருப்பினால் உடல் முன்னால் போய் விழும். டைலில் நன்றாகச் சாய்ந்து சறுக்கி நிற்பவர்கள் உண்டு, அது பின்னால் வரும் திறமை. ஆரம்பத்தில் ஒரு காலைப் பின்னால் குறுக்காக இழுத்து வேகம் குறைப்பதையும், நிற்பதற்குப் பதில் இறுக்கமாக வட்டமடித்துத் திரும்புவதையும் பழகினால் போதும். இன்லைன் ஆட்டக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள், அவர்கள் நிற்பதைவிட வளைவதே அதிகம்.

சென்னையிலோ கோவையிலோ சிறுவயதில் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தச் சமநிலை உடம்பில் எங்கோ இருக்கிறது. சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். இன்லைனை நம் ஆட்களுக்குச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் பெரிய நம்பிக்கை இதுவே.

களஹாக்கி ஆடியவர்களுக்கு இன்னொரு செய்தி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பள்ளி அணிக்கு ஆடாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அங்கே ஹாக்கி அப்படி ஊறியது. களஹாக்கி ஸ்டிக் எல்லோருக்கும் ஒரே மாதிரி, இடது கை மேலே, வலது கை கீழே. ஒரு பக்கம் மட்டும் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இங்கே வலது ஸ்டிக், இடது ஸ்டிக் என்று இரண்டு வகை. ஸ்டிக்கின் அடியிலுள்ள பிளேடின் இரு முகங்களையும் பயன்படுத்தலாம். கடையில் சிலர், வலது கைப் பழக்கம் உள்ளவர் வலது கையை மேலே வைத்து இடது ஸ்டிக் எடுத்தால் நல்லது என்பார்கள். புதியவருக்கு அது நல்ல ஆலோசனையாக இருக்கலாம். களஹாக்கி ஆடிய கைக்கு வேண்டாம். பழகிய பிடி அப்படியே இருக்க, வலது ஸ்டிக்கை எடுங்கள். பக்கைக் கடத்துவதும், உடலால் மறைத்து நிற்பதும், காலியான இடத்தை உணர்வதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கற்க வேண்டியது ஸ்கேட் மட்டும்தான்.

புது லீகின் குறைகள்

புது லீக் என்பதால் வரும் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பழைய லீகில் ஒவ்வொருவரின் தரமும் தெரியும். புது லீகில் எல்லோரும் தாங்களே தங்கள் தரத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். கீழ்ப்பிரிவில் ஜெயித்துப் பார்க்க ஆசைப்பட்டு, தரத்தைக் குறைத்து எழுதிக்கொண்டு வருபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அப்படி இரண்டு பேர் இருந்தால் ஒரு பிரிவின் சீசனே பாழாகும். அதனால் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: தரம் பார்க்க ஒரு மாலை எல்லோரையும் வரவழைத்து ஆட வைக்கிறீர்களா? ஆம் என்றால் அந்த லீகை நம்பலாம். இல்லை என்றால், சீசன் நடுவில் ஆட்டக்காரரைப் பிரிவு மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு சீசன் பொறுத்திருந்து சேருங்கள்.

அடுத்தது சேரும் முறை. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அணியாகப் பதிவது ஒரு வழி. தனியாகப் பதிந்து, லீக் உங்களை ஓர் அணியில் போடுவது இன்னொரு வழி. நம் ஆட்களுக்கு முதல் வழியில்தான் மனம் போகும். ஒரே அலுவலகம், ஒரே மொழி, ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பெயர், ஒரு ஜெர்சி. ஆசை புரிகிறது. ஆனால் பத்துப் பேரும் புதியவர்கள் என்றால், முதல் சீசன் முழுக்கப் பெரிய வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். பாதிப் பேர் பிள்ளைகளின் பிறந்தநாள், ஊர்ப் பயணம் என்று வராமல் போக, நாலு பேர் மாற்று ஆளின்றி ஆடி மூச்சு முட்டுவார்கள். தனியாகப் பதிந்தால் உங்கள் அணியில் அனுபவமுள்ள இரண்டு பேராவது இருப்பார்கள். எங்கே நிற்பது, எப்போது பெஞ்சுக்கு வருவது என்று அவர்கள் கத்திச் சொல்வதிலேயே பாதி ஆட்டம் வந்துவிடும். முதல் சீசன் தனியாள், இரண்டாம் சீசன் நண்பர் அணி. என் பரிந்துரை இந்த வரிசைதான்.

கோல்கீப்பர் ஆகத் துணிபவர் உங்கள் வட்டத்தில் ஒருவர் இருந்தால் அவரை விடாதீர்கள். எந்த லீகிலும் கோல்கீப்பருக்குத்தான் தட்டுப்பாடு. பல லீகுகள் அவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில வாங்குவதே இல்லை. உடுப்புச் செலவு அதிகம் என்பதால் முதலில் ரிங்கில் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

காப்பீட்டையும் பாருங்கள். யுஎஸ்ஏ ஹாக்கி இன்லைன் போன்ற அமைப்பில் பதிந்த லீக் என்றால் ஆண்டு உறுப்பினர் கட்டணத்தோடு விபத்துக் காப்பீடு சேர்ந்துவரும். ஆனால் அது உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்துக்கு உதவும் துணைக் காப்பீடுதான். அமைப்பில் சேராமல் சொந்தமாக நடத்தும் ரிங்க் என்றால், கையெழுத்து வாங்கும் படிவத்தை வரிக்கு வரி படியுங்கள். விசாவில் இருப்பவர்களும் இப்போதுதான் வேலை மாறியவர்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

உடுப்பில் எதற்குச் செலவு செய்வது

முதல் டாலர் ஹெல்மெட்டுக்கு. முகம் முழுக்க மறைக்கும் கம்பி வலையோடு வாங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை என்று லீக் சொன்னாலும் வலை இல்லாமல் இறங்காதீர்கள். கீழ்ப்பிரிவில்தான் ஸ்டிக்குகள் கட்டுப்பாடில்லாமல் மேலே எழும். அடுத்தது ஸ்கேட். மற்றவற்றைப் பழையதாக வாங்கலாம், ஸ்கேட்டை மட்டும் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள். ஹாக்கி ஸ்கேட் நம் காலணி அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு குறைவாக வரும். விரல் முன்னால் இலேசாக உரச, குதிகால் அசையாமல் இருக்க வேண்டும். குதிகால் தூக்கினால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அந்த ஸ்கேட் உங்களுக்கானது இல்லை.

முழங்கால்-முன்கால் காப்பு, முழங்கை உறை, கையுறை, இடுப்புக் காப்பு, அதன் மேல் போடும் நீளக் கால்சட்டை எல்லாம் ஒருவர் பயன்படுத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் கராஜில் கிடக்கும். விசாரித்தால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். டைலில் விழுந்தால் சிமெண்ட் அளவுக்குச் சிராய்க்காது, ஆனால் உராய்வுச் சூட்டில் முழங்கை பொசுங்கும். ஆகவே முழங்கை உறை இல்லாமல் பயிற்சிக்குக்கூட இறங்க வேண்டாம். தோள் காப்பு இன்லைனில் பலர் போடுவதில்லை. முதல் சீசனில் மெல்லிய பஞ்சு வைத்த உள்சட்டை போதும். ஸ்டிக்குக்கு நூற்றுக்கணக்கில் கொட்டாதீர்கள். ஸ்கேட்டோடு நிற்கும்போது நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரத்தில், நன்றாக வளையும் ஒன்றை வாங்குங்கள்.

ஐஸுக்குப் பின்னால் மாறினாலும் ஸ்கேட்டையும் கால்சட்டையையும் தவிர பெரும்பாலானவை அப்படியே உதவும். இன்லைனில் தொடங்கினால் பணம் வீண் என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரிங்கின் மேல்பிரிவு ஆட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அட்டவணையில் கீழ்ப்பிரிவின் கடைசி ஆட்டம் எப்போது என்று பார்த்து அன்றைக்குப் போங்கள். பெரும்பாலும் ஒரு வாரநாள் இரவு பத்து மணி வாக்கில் இருக்கும். பெஞ்சில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவர் விழுந்தால் எதிரணிக்காரர் கை கொடுக்கிறாரா, நடுவர் ஸ்டிக் உயர்ந்த உடனே விசில் ஊதுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். ஆட்டம் முடிந்து உடுப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அடுத்த சீசனும் வருவீர்களா என்ற கேள்விக்கு அவர்கள் யோசிக்காமல் ஆம் என்றால், மறுநாளே பதிவு செய்துவிடலாம். தரம் கேட்கும் கட்டத்தில் தயங்காமல் கடைசிப் பிரிவைக் குறியுங்கள்.